உவர்க் கிணற்றுக் காணியில் தக்காளி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நெடுநாள் பாவிக்காத கிணற்றை நீர்ப்பம்பி வைத்து ஒரேயடியாக இறைத்தால் உவர் மேலேறும். காலையும் மாலையும் கொஞ்சமாக இறையுங்கள்.

வளர்ந்த தக்காளி உவரை ஓரளவு தாங்கும். முளைக்கும் விதையும் இளநாற்றும் தாங்கா. நாற்றுமேடைக்கு மழைநீரோ நல்ல தண்ணீரோ ஊற்றுங்கள். ஐந்து இலை வந்தபின் உங்கள் கிணற்றுநீரைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கலந்து, ஒரு கிழமையாவது பழக்குங்கள். உவர் தாங்கும் விதை தேடி அலைவதிலும் பார்க்க இது மலிவு.

மாரிமழை மேல்மண் உப்பைக் கழுவிய பிறகே நடுங்கள். வரம்பின் உச்சியில் வேண்டாம். ஈரம் காயும்போது உப்பு அங்கேதான் சேரும். சரிவில் நட்டு, மக்கிய மாட்டெரு இட்டு, வைக்கோலால் மூடுங்கள். சாம்பல் போடாதீர்கள், அதிலும் உப்புண்டு. தண்ணீரை இலையில் படாமல் அடியில் விடுங்கள்.

இலையோரம் கருகினால் உடனே பூச்சிமருந்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். அது உவராகவும் இருக்கலாம். கிணற்றுநீரைச் சோதிப்பதுபற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். உவர் மிக அதிகமென்றால் இந்தப் போகம் பீற்றூட் வையுங்கள். அது தக்காளியிலும் கூடுதலாகத் தாங்கும்.