வாசிப்புத் தேர்வா, செல்போன் தேர்வா?

கேள்வி: எங்கள் ஊரில் முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடத்துகிறோம். யாருக்கு எழுத்திலிருந்து தொடங்குவது, யாருக்கு வாக்கியம் கொடுப்பது என்று பிரிக்க, செல்போனில் ஒரு தேர்வு தயாரித்தோம். பலர் முதல் திரையிலேயே போனைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். ஓரளவு படிக்கத் தெரிந்தவர்களும் பூஜ்யம் வாங்குகிறார்கள். எப்படி மாற்றுவது?
- தன்னார்வலர் ஒருவர், விருதுநகர்

பதில்: முதல் திரையில் பெயர், பாஸ்வேர்டு, ஓடிபி, நாலு வரி விதிமுறை என்று இருக்கிறதா? அப்படியானால், படிக்கத் தெரியுமா என்று கேட்கும் முன்பே நிறையப் படிக்கச் சொல்கிறீர்கள். பதிவை நீங்களே செய்துவிடுங்கள். விதிமுறையைக் குரலில் பதிந்து, வேண்டிய முறை கேட்கும்படி வையுங்கள். ஆனால் சோதிக்க வேண்டிய சொல்லையும் பத்தியையும் போன் வாசித்துக் காட்டக் கூடாது. காட்டினால் அது காதுக்கு வைக்கும் தேர்வு.

தட்டச்சு வேண்டாம். தாளில் தன் பெயரை எழுதுபவரும் தமிழ் விசைப்பலகையில் 'கொ' அடிக்கத் திணறுவார். போனில் விடையைத் தொட்டுக் காட்டினால் போதும். எழுதும் திறனைத் தாளில் சோதியுங்கள். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத் தேர்வையும் கற்போர் தாளில்தான் எழுதப்போகிறார்கள்: வாசிப்பு, எழுத்து, கணக்குக்குத் தலா 50 என 150 மதிப்பெண். பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் வயது வந்தோர் திறன் ஆய்வு 2011-12இல் பல நாடுகளில் நடந்தபோது, கணினி பழகாதவர்களுக்குத் தாளிலேயே வினாக்கள் தரப்பட்டன.

திரைக்கு ஒரு கேள்வி, பெரிய எழுத்து, வரிக் கடைசியில் உடையாத சொல். கடிகாரம் ஓட வேண்டாம். தவறுக்குச் சிவப்புக் குறியும் வேண்டாம். மதிப்பெண் இல்லாத இரண்டு பயிற்சிக் கேள்விகளை முன்னால் வையுங்கள். இருப்பதிலேயே பழைய போனில் திறந்து பாருங்கள்: எழுத்துரு சரியில்லை என்றால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். நன்றாகப் படிப்பவரே அதில் தடுமாறுவார்.

கேள்விகளை ஊகத்தால் வெல்ல முடியாதபடி அமையுங்கள். பால் பாக்கெட் படத்தின் கீழ் 'பால்' என்று இருந்தால் படமே விடை சொல்லிவிடும். 'படம், பாடம்', 'கொடி, கோடி' போன்ற இணைகளைக் கொடுங்கள். ழகர, ளகரக் குழப்பத்துக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்; பல ஊர்ப் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. பத்திக்கு ரேஷன் கடை அறிவிப்பு, மருந்துச் சீட்டு போன்றவை நல்லவை. 'மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடவும்' என்று எழுதி, எப்போது போட வேண்டும் என்று கேளுங்கள். வழக்கத்தை நினைத்து 'பின்' என்பவர் வாசிக்கவில்லை என்று தெரிந்துவிடும். பாலர் பாடல்கள் வேண்டாம். பேரப்பிள்ளை எடுத்தவர்களுக்கு அது அவமானம்.

எல்லோரையும் 'அ'விலிருந்து ஓட்டாதீர்கள். பிரதம் அமைப்பு குழந்தைகளிடம் நடத்தும் ஏசர் ஆய்வில் நடுவிலிருக்கும் பத்தியில் தொடங்கி, படிக்க முடிந்தவர்களை மேலே கதைக்கும், முடியாதவர்களைக் கீழே சொல்லுக்கும் எழுத்துக்கும் அனுப்புகிறார்கள். உங்களுக்கும் அந்த வழி பொருந்தும். தேர்வு சீக்கிரம் முடியும்.

முடிவில் எண் எதற்கு? 'சொற்களை நன்றாக வாசிக்கிறீர்கள், இனி வாக்கியம் படிக்கலாம்' என்று குரலில் சொல்லுங்கள்.

பரவலாகக் கொடுக்கும் முன் கற்போர் ஐந்தாறு பேரிடம் தேர்வைக் கொடுத்து, உதவாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் விரல் எந்தத் திரையில் தயங்குகிறதோ, அந்தத் திரையை முதலில் திருத்துங்கள்.