வேகத்தில் அலையும் ஸ்டியரிங்

சங்க அலுவலாகக் காரில் நெடுந்தூரம் செல்வது இன்று நம் அங்கத்தினர்க்குப் புதிதன்று. நூல் கொள்முதலுக்கும், துணி மாதிரிகளைக் காட்டுவதற்கும், மஞ்சள் விலை பேசுவதற்கும் பவானியிலிருந்து அவிநாசி வழியாகக் கோவைக்கு நான்குவழிச் சாலையில் அடிக்கடி போய் வருகிறோம். ஊர்த் தெருக்களில் ஒரு குறையும் காட்டாத கார், அச்சாலையில் வேகம் எண்பதைத் தாண்டியதும் நேர் நில்லாமல் அலைவதுண்டு. அதன் காரணத்தை முறையாகக் கண்டறிவது எவ்வாறு என்பதே இம்மாதப் பாடம். கார் ஓட்டத் தெரியாதவரும் இதனைப் படித்தல் நன்று. அக்காரில் அமர்ந்து செல்பவர் அவர். பழுதுச் செலவுக்குப் பணம் தருபவரும் அவரே.

வேகம் குறையைப் பெரிதாக்கும்

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கார் 100 மீட்டர் தூரத்தைக் கடக்க 12 வினாடிகள் ஆகின்றன. 100 கிலோமீட்டர் வேகத்தில் அதே தூரம் 4 வினாடிக்குள் கடந்துவிடுகிறது. காரின் திசை ஒரே ஒரு பாகை பிசகினால், 100 மீட்டருக்குள் அது ஏறத்தாழ 1¾ மீட்டர் பக்கவாட்டில் விலகிவிடும். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் 3½ மீட்டர். அதாவது, பாதித் தடம் கைவிட்டுப் போகிறது. தெருவில் ஓட்டுநர் தம்மையறியாமல் திருத்திக்கொள்ளும் சிறு பிசகு, விரைவுச் சாலையில் உயிருக்கு ஊறாவது இதனாலேயே.

நோயின் பெயரை முதலில் அறிதல்

"ஸ்டியரிங் சரியில்லை" என்ற ஒரே சொல்லில் நான்கு வெவ்வேறு குறைகள் அடங்கியுள்ளன. ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பியும் கார் உடனே கேளாமல் மிதப்பது போலச் செல்வது ஒன்று. இதனை மந்தம் என்போம். விரல் அசைத்தாலே கார் வெடுக்கெனத் திரும்புவது மற்றொன்று; இது துடுக்கு. எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து செல்வது இழுப்பு. ஸ்டியரிங் கையில் நடுங்குவது அதிர்வு. அதிர்வுக்குப் பெரும்பாலும் சக்கரத்தின் எடைச் சமன் கெட்டதே காரணம். பாலன்ஸிங் செய்தால் தீரும். மந்தத்துக்கும் துடுக்குக்கும் பாலன்ஸிங் மருந்தாகாது.

ஆகவே, பட்டறைக்குச் செல்லுமுன் ஓட்டுநரை அமர்த்திக் கேட்க வேண்டும். எந்த வேகத்தில் தொடங்குகிறது? பிரேக் போடும்போது மாறுகிறதா? ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மாறுகிறதா? பாரம் ஏற்றியபோது மட்டுமா? காற்று வீசாத நாளிலும் உண்டா? மழைநீர் வடிவதற்காகச் சாலையே ஒரு பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். அதனால் வரும் சிறு சாய்வு காரின் குற்றமன்று. ஓடும் காரில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. அதனை ஒருபோதும் செய்யலாகாது.

தரையிலிருந்து தொடங்குக

பயிரின் இலை மஞ்சளித்தால், நல்ல விவசாயி உர மூட்டை வாங்க ஓடுவதில்லை; முதலில் வேரையும் நீரையும் பார்க்கிறார். காருக்கும் அதுவே முறை. தரையைத் தொடுவது டயர் ஒன்றே. ஆதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

காற்றழுத்தத்தைக் காலையில் கார் ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் கூடுதல் அளவு காட்டும். உரிய அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ, காருடன் வந்த கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவேயன்றி, நிரப்ப வேண்டிய அளவன்று. முன் டயர்களில் காற்றுக் குறைந்தால் மந்தம் தோன்றும். மிகுந்தால் துடுக்குத் தோன்றலாம். பின் டயர்களில் குறைந்தாலோ, காரின் பின்புறம் அசைந்து ஓட்டுநரைத் திகைக்க வைக்கும்.

அடுத்து டயரின் மேற்பரப்பைக் கையால் குறுக்கே தடவிப் பார்க்கவும். ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் அரம் போன்ற கூர்மையும் இருப்பின், சக்கரங்களின் கோணம் பிசகியுள்ளது எனக் கொள்ளலாம். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த நாளைக் கூறும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரே அச்சில் இருவேறு வகை டயர்கள் இருத்தல் கூடாது. பின்பெட்டியில் துணி மூட்டைகளை மிகுதியாக ஏற்றினால் முன்சக்கரங்களின் மேல் பாரம் குறைந்து ஸ்டியரிங் இலேசாகிவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

மூட்டுகளைச் சோதித்தல்

ஸ்டியரிங்கிலிருந்து சக்கரம் வரை பல மூட்டுகள் உள்ளன. மாட்டு வண்டியில் கடையாணி தேய்ந்தால் சக்கரம் ஆடுவதை நாம் அறிவோம், இங்கும் அவ்வாறே. காரைச் சமதரையில் நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதளவே அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து வரட்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத மூட்டு எதுவோ, தேய்மானம் அங்கேதான் இருக்கிறது.

பிறகு ஒரு சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, காரின் அடியில் தாங்கியும் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டையும் வைத்துவிட்டு, அச்சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி ஆட்டிப் பார்க்க வேண்டும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராட் மூட்டிலோ, ஸ்டியரிங் பெட்டியிலோ தளர்வு இருக்கலாம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் சக்கர பேரிங் அல்லது பால் ஜாயின்ட் ஐயத்துக்குரியது. அப்போது ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் பேரிங், நில்லாவிடில் பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட் தளர்ந்த காரை மாற்றும் வரை சாலைக்குக் கொண்டு செல்லலாகாது. அது கழன்றால் சக்கரமே மடிந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் நுழைவதும் கூடாது.

இறுக்கமும் ஒரு குறையே

அலையும் காரில் ஏதோ தளர்ந்திருக்கிறது என்றே பலர் எண்ணுவர். மாறாக, இறுக்கமும் அதே குறையைத் தரும். திருப்பிய பின் ஸ்டியரிங் தானே நடுவுக்கு வர வேண்டும். மேல் தாங்கி பேரிங் துருவேறினாலோ, ஸ்டியரிங் தண்டின் மூட்டு இறுகினாலோ அது வாராது. ஓட்டுநர் தாமே திருப்பிக் கொணர்வார், சற்று மிகையாகும், மீண்டும் திருத்துவார். இவ்வாறு கார் இடமும் வலமும் அலையும். இதற்குத் தளர்வைத் தேடினால் ஒருநாளும் கிடைக்காது.

நாம் செய்த பிழை

இனி நம் சங்கத்துக் காரின் கதையைச் சொல்வோம். வேகம் 90-ஐ நெருங்கினால் கார் நேர் நில்லவில்லை என்று ஓட்டுநர் இருமுறை கூறினார். அவருக்கு நெடுஞ்சாலைப் பழக்கம் போதவில்லை என்று நாம் எண்ணினோம். பிறகு வீல் அலைன்மென்ட் செய்வித்தோம். அளவுத்தாளில் எல்லாம் சரியாயிருந்தன. குறை தீரவில்லை. மீண்டும் அலைன்மென்ட், அதன்பின் இரண்டு புதிய டயர்கள். ரசீதுகளில் கையொப்பமிட்டோமேயன்றி, ஒரு கேள்வியும் கேட்டோமில்லை. ஒருநாள் லாரி ஒன்றைக் கடக்கையில் கார் சாலைத் தடுப்பை நோக்கிச் சாய்ந்தது. உள்ளே நம் அங்கத்தினர் மூவர் இருந்தனர். ஓட்டுநரின் நிதானமே அவர்களைக் காத்தது.

அதன் பின்னர் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் ஓட்டுநரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "பிரேக் போட்டால் எந்தப் பக்கம் போகிறது, தம்பி?" பிரேக் போட்டால் இடம், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வலம் என்றார் ஓட்டுநர். இடப்புறக் கீழ்க் கையின் பின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. பிரேக்கின்போது சக்கரம் பின்னோக்கியும், வேகமெடுக்கையில் முன்னோக்கியும் நகர்ந்து, அதன் கோணம் ஒவ்வொரு முறையும் மாறிற்று. அலைன்மென்ட் கருவி காரை நிற்க வைத்து அளந்தது. குறையோ ஓடும்போது மட்டுமே தோன்றியது. இருபுறப் புஷ்களையும் மாற்றினோம். கார் நேர் நின்றது. அச்செலவு ஒரு டயரின் விலையிலும் குறைவு.

பாவில் இழுவை சமமில்லாதபோது, நாடாவை மாற்றிப் பயன் என்ன? தறியில் நாம் நன்கறிந்த இவ்வுண்மையைக் காரில் மறந்தோம். உண்மை கூறின், ஓட்டுநரின் சொல்லுக்குச் செவி சாய்க்காததே நம் முதற்பிழை.

அளவு பார்ப்பது கடைசியில்

தேய்ந்தவற்றை மாற்றிய பின்னரே அலைன்மென்ட் செய்தல் வேண்டும். டை ராட் மாற்றினால் அது கட்டாயம். செய்யுமுன் இருந்த அளவும் செய்தபின் உள்ள அளவும் அச்சிட்ட தாளாகக் கேட்டுப் பெறுக. அதில் டோ என்பது மேலிருந்து நோக்கினால் இரு சக்கரங்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருக்கும் அளவு. முன்சக்கரங்கள் மிகுதியாக வெளிநோக்கின் கார் துடுக்காகும். காஸ்டர் என்பது சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பது போன்ற சாய்வு. சக்கரத்தை நடுவுக்குக் கொணர்வது அதுவே. அது குறைந்தால் மந்தம் வரும். பல கார்களில் டோ ஒன்றையே திருத்த இயலும். காஸ்டர் பிசகியிருப்பின், குழியிலோ கல்லிலோ மோதி ஏதேனும் வளைந்துள்ளதா என்று தேட வேண்டும். பின்சக்கரங்களின் அளவையும் பார்க்கத் தவறற்க. மின்சார பவர் ஸ்டியரிங் உள்ள சில கார்களில், அலைன்மென்டுக்குப் பின் ஸ்டியரிங்கின் நடுநிலையைக் கருவி கொண்டு பதிவு செய்தலும் அவசியம்.

ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியபின் அதே சாலையில், அதே வேகத்தில், அதே பாரத்துடன் ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்க. மூன்றை ஒருங்கே மாற்றினால், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. பயணப் புத்தகத்தில் ஓட்டுநர் குறை எழுத ஒரு பத்தி ஒதுக்கி, அதனை வாரந்தோறும் நிர்வாகிகள் படித்துக் கையொப்பமிடுவது நம் சங்கத்தில் இப்போது வழக்கமாகியுள்ளது. பிற சங்கங்களும் இதனைக் கைக்கொண்டால் பொதுப்பணமும் மிஞ்சும். போனவர் பத்திரமாக வீடு திரும்புவர்.

கலந்துரையாட வினாக்கள்

1. மந்தம், துடுக்கு, இழுப்பு, அதிர்வு ஆகியவற்றின் வேறுபாடு யாது?

2. டயர் காற்றழுத்தத்தைக் கார் ஓடுமுன் அளக்க வேண்டுவது ஏன்?

3. அளவுத்தாள் சரியாக இருந்தும் கார் அலைவது எவ்வாறு நேரும்?

4. நம் சங்கத்து வாகனத்தைப் பற்றி ஓட்டுநர் கடைசியாகக் கூறிய குறை யாது? அதற்கு நாம் செய்தது என்ன?