கால் கிலோ பீன்ஸ் நாலு பேருக்குப் போதாது

மதியப் பொரியலுக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்குகிறோம். காம்பு கிள்ளி, நார் உரித்து நாலு பேருக்குப் பங்கு வைத்தால், ஆளுக்கு 60 கிராம் தேறினாலே பெரிது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியோ, ஒரு நாளைக்குக் கீரையோடு சேர்த்து 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் கொஞ்சம் இரக்கப்பட்டு, காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் என்கிறது. காய் இல்லாத சமையல் நம் வீடுகளில் அபூர்வம். அளவில்தான் கோட்டை விடுகிறோம்.

செய்ய வேண்டியவை

• கால் கிலோ வாங்குகிற இடத்தில் அரை கிலோ வாங்குங்கள். பொரியலைத் தட்டில் முதலில் வையுங்கள், சோறு பிறகு வரட்டும். ஒரு கரண்டி பொரியல் கூடினால் ஒரு கரண்டி சோறு தானாகக் குறையும்.

• காலைச் சாப்பாட்டைக் கவனியுங்கள். இட்லி, தேங்காய்ச் சட்னி என்றால் அந்த வேளைக்குக் காய் என்று எதுவுமே இல்லை. அடை மாவில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, உப்புமாவில் கேரட்டும் பட்டாணியும், தொட்டுக்கொள்ளப் பீர்க்கங்காய்த் துவையல். இதில் தனி வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

• கீரையை முதலில் அலசி, பிறகு நறுக்குங்கள். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டு, கீரையை மேலாக அள்ளி எடுத்தால் மண் அடியில் தங்கிவிடும். அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கீரையில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் இழுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். கொதிக்கும்போதே பிழிந்தால் அந்த வைட்டமின் ஓரளவு வீணாகும். தாளிக்கிற எண்ணெய்க்கும் தேங்காய்ப்பூவுக்கும் பயப்பட வேண்டாம். கீரையின் பீட்டா கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

• கொய்யா சாப்பிடுங்கள். ஆரஞ்சில் இருப்பதைப்போலப் பல மடங்கு வைட்டமின் சி கொய்யாவில் இருக்கிறது. தள்ளுவண்டியில் கிடைப்பதாலேயே அதற்கு மரியாதை இல்லை. நோயாளியைப் பார்க்கப் போனால் கையில் ஆப்பிள்தான் ஏறுகிறது.

• பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. விளைவித்தவரே விற்பதால் காய் வாடாமல் கிடைக்கும்.

செய்யக்கூடாதவை

• உருளைக்கிழங்கு வறுவலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். மேலே சொன்ன 400 கிராமில் உருளைக்கிழங்குக்கு இடமில்லை. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டைக் காட்டிச் சமாதானம் சொல்வதும் செல்லாது.

• பழத்தை ஜூஸாக்கிக் குடிக்காதீர்கள். வடிகட்டியில் நார்ச்சத்து தங்கிவிடும், டம்ளரில் இனிப்பு மட்டும் இறங்கும். கடை ஜூஸ் என்றால் மேற்கொண்டு சர்க்கரை வேறு.

• நறுக்கிய காயைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். வெந்த தண்ணீரையும் கொட்டாதீர்கள், ரசத்துக்கு ஆகும்.

• சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர அது தடை.

• "பொரியல் சாப்பிட்டால் சாக்லேட்" என்று பிள்ளையிடம் பேரம் பேசாதீர்கள். பொரியல் தண்டனை, சாக்லேட் பரிசு என்றுதான் அது புரிந்துகொள்ளும். அப்பா வெண்டைக்காயை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பிள்ளைக்கு உபதேசம் செய்வதும் பலிக்காது.

• கார்பைடுக்குப் பயந்து மாம்பழத்தையே விட்டுவிடாதீர்கள். கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவுக்கு, வரம்புக்குள், அனுமதி உண்டு.

• சர்க்கரை நோய் இருக்கிறது என்று பழத்தை அடியோடு நிறுத்த வேண்டாம். கொய்யாவோ பப்பாளியோ அளவாகச் சாப்பிடலாம். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றக் கூடாது. வாழைப்பழம், தக்காளி, இளநீர் ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம் அவர்களுக்குச் சிக்கல். நட்சத்திரப் பழம் அறவே ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள், மருத்துவரைக் கேட்காமல் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.