பம்பும் நாசிலும்

கல்யாணில் ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட் இருக்கிறது. டபிள்யூ.டி.எம்.2 என்ற ரயில் எஞ்சின்களை அங்கே பல ஆண்டுகள் பழுது பார்த்தார்கள். அந்த எஞ்சினுக்கு 16 சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் தனிப் பம்பு, தனி நாசில். கெட்டதை மட்டும் மாற்றலாம். பழைய லாரியில் எல்லாச் சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே பம்புதான்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடித்தபின் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். எஞ்சினில் அந்தச் சூட்டில் டீசல் பற்றிக்கொள்ளும். பம்பு டீசலை அழுத்தித் தள்ளும். நாசில் அதைப் புகைபோலப் பீய்ச்சும்.

வண்டி கரும்புகை விடுகிறதா? இழுக்கவில்லையா? உடனே பம்பின்மேல் பழி போடாதீர்கள். முதலில் பில்டரைப் பாருங்கள். பல நேரம் குற்றம் அங்கேதான்.

வீட்டு வாசலில் வேலை செய்பவருக்கு முதல் எதிரி தூசி. பம்பின் உள்ளே இருக்கும் இடைவெளி தலைமுடியைவிட மிக மெல்லியது. ஒரு மணல் போதும், பம்பு கீறிவிடும். அதனால் கழற்றும் முன்பே சுற்றிலும் கழுவ வேண்டும். கழற்றிய பைப் முனைகளை மூடி வைக்க வேண்டும். நாசிலுக்கு அடியில் புதுக் காப்பர் வாஷர் போட வேண்டும். பம்பிலும் கப்ளிங்கிலும் அடையாளக் கோடு போட்டுக் கொள்ள வேண்டும். புதுப் பம்பு என்றால் டைமிங் வைக்கத் தெரிந்தவரை அழைப்பது நல்லது.

நாசிலைச் சோதிக்கும் வேலை பம்புக் கடைக்கு உரியது. பழைய எஞ்சின்களில்கூட, ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும். லாரி டயரில் உள்ள காற்றைவிட இது பல மடங்கு அதிகம். அது விரலில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும். முதலில் வலிக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கும். விரலையே எடுக்க வேண்டியும் வரலாம். எனவே காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். “டீசல் உள்ளே போய்விட்டது, டாக்டர்” என்று சொல்ல வேண்டும். இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் இன்னும் பல மடங்கு. அவற்றை வீட்டில் தொடவே வேண்டாம்.

மாட்டி முடித்ததும் எஞ்சின் கிளம்பாது. குழாயில் காற்று நிற்கும். பில்டரிலும் பம்பிலும் உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க வேண்டும். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் ஸ்குரூவை இறுக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு ஓடும். கசிவு இருக்கிறதா என்று பைப் அருகே அட்டையைப் பிடித்துப் பாருங்கள். கையால் தடவிப் பார்க்காதீர்கள்.