பழைய வீட்டை வாங்கிப் புதுக்கி விற்றல்

சென்னையில் பழைய வீடொன்றை வாங்கிச் செப்பனிட்டு விற்றால் இலாபம் கிட்டுமா என்று நம் உறுப்பினர் சிலர் வினவுகின்றனர். நெசவாளர் நூலைச் சோதியாமல் பாவு ஓட்டுவதில்லை. உழவர் மண்ணை அறியாமல் விதைப்பதில்லை. இத்தொழிலிலும் ஆராய்ச்சியே முதற்படியாகும்.

முதலில் இடத்தை ஆராய்வோம். மயிலாப்பூரில் கோயில் அடிமனையில் நிற்கும் வீடுகள் உண்டு. அங்கே கட்டடம் மட்டுமே விற்பவருடையது, மண் கோயிலுடையது. தியாகராய நகர் 1920களில் பழைய ஏரிப் பகுதியில் எழுந்த ஊர். மழைநாளில் தெருவைப் பார்த்தபின் விலை பேசுவது நலம். அடையாற்றங்கரையிலோ, 2015 டிசம்பர் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறிற்று என்று அண்டை வீட்டாரைக் கேட்டறிக.

அடுத்தது உரிமை. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுதல் வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. மணமாகிச் சென்ற சகோதரியின் கையெழுத்து விடுபட்டால், வழக்கு நம் முதலை ஆண்டுக்கணக்கில் முடக்கிவிடும்.

மூன்றாவது கட்டடம். வண்ணப்பூச்சு மங்கியிருப்பது குறையன்று. அதுவே நமக்கு வாய்ப்பு. ஆனால் மெட்ராஸ் டெரஸ் கூரையில் மர உத்தரங்களின் முனைகள் கரையானாலும் ஈரத்தாலும் உளுத்திருக்கலாம். கடற்காற்று படும் பகுதிகளில் கான்கிரீட்டினுள் கம்பி துருப்பிடித்திருக்கலாம். பொறியாளர் ஒருவரை உடன் அழைத்துச் செல்க.

இறுதியாகக் கணக்கு. பழைய அடுக்குமாடி வீடொன்றை 80 இலட்சத்திற்கு வாங்குவதாகக் கொள்வோம். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, 2023 ஏப்ரலில் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. ஆக 7 இலட்சத்து 20 ஆயிரம். தரகு 80 ஆயிரம். செப்பனிட 10 இலட்சம். கடன் 40 இலட்சத்திற்கு நூற்றுக்கு 10 வீதம் ஓராண்டு வட்டி 4 இலட்சம். அடக்கவிலை 1 கோடியே 2 இலட்சம்! ஒரு கோடிக்கு விற்றவர் 20 இலட்சம் இலாபம் என்று மகிழ்வார். உண்மையில் 2 இலட்சம் இழந்திருப்பார். இலாபம் வந்தாலும், 24 மாதங்களுக்குள் விற்றால் அது குறுகியகால ஆதாயமாக வருமான வரிக்கு உட்படும்.

ஆகவே விற்கக்கூடிய விலையிலிருந்து செலவையெல்லாம் கழித்து, நம் உழைப்புக்குரிய ஊதியத்தையும் கழித்து, எஞ்சுவதையே கொள்விலையாகக் கூறுவோம். அவ்விலைக்குக் கிடைக்காத வீட்டை விட்டுவிடுவதில் இழப்பில்லை. மகளின் திருமணத்திற்கென வைத்த பணத்தை இதில் இடவே கூடாது. விரிசலைப் பூச்சால் மறைத்து விற்பதும் நமக்கு அடாது. சாயம் போகும் துணியை நாம் விற்போமா?