அறுத்தெடுத்த தசைநாண் மீண்டும் வளருமா?

பல்லியின் வால் அறுந்தால் மீண்டும் வளர்வதை நாம் அறிவோம். மனிதரின் தொடையிலும் ஏறக்குறைய அப்படி ஒரு விந்தை நிகழ்கிறது.

தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பது இணைப்பு நார். முழங்காலின் நடுவே இரண்டு நார்கள் சிலுவைபோல் குறுக்காக அமைந்துள்ளன. கபடியிலோ கூடைப்பந்திலோ ஓடும்போது சட்டெனத் திரும்பினால் முன்புற நார் அறுந்துவிடக்கூடும். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கே இக்காயம் அதிகம். முழுவதும் அறுந்த நார் தானாகச் சரிவரக் கூடுவது அரிது.

ஆகவே மருத்துவர்கள், தொடையின் பின்புறத் தசைகளிலிருந்து ஒன்றோ இரண்டோ நாண்களை எடுத்து, மடித்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டுப் புதிய நாராகப் பொருத்துகின்றனர்.

நாண் எடுத்த இடம் வெறுமையாகவே இருந்துவிடுமா? இல்லை. பலருக்கு அங்கே மாதக்கணக்கில் புதிய திசு வளர்ந்து நாணாக உருவெடுக்கிறது. 1992ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் எம்.ஆர்.ஐ. படங்களின் மூலம் இதை எடுத்துக்காட்டினர். எல்லோருக்கும் இது வளர்வதில்லை. முழங்காலை நன்றாக மடக்கும் வலிமை சிலருக்குச் சற்றுக் குறைந்தே இருக்கும். எனவே முதல் சில வாரங்கள் தொடையின் பின்புறத் தசைக்குக் கடும் பயிற்சி கூடாது. பிறகு படிப்படியாக அதை வலுப்படுத்த வேண்டும்.

பொருத்திய நாணின் கதை வேறு. இரத்த ஓட்டம் இன்றி அதன் உயிரணுக்கள் முதலில் மடிகின்றன. பின்னர் புதிய இரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் உள்ளே புகுந்து அதைப் புதுப்பிக்கின்றன. இம்மாற்றம் முற்றுப்பெற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். முதல் மூன்று மாதங்களில் அது மிகவும் நலிந்திருக்கும். ஆனால் அப்போதுதான் வலியும் வீக்கமும் குறைந்து, "குணமாகிவிட்டது" என்று நமக்குத் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது! அவசரப்பட்டு ஆடுகளம் இறங்கினால் நார் மீண்டும் அறுந்துபோகலாம்.

ஸ்பெயின் நாட்டுக் கால்பந்து வீராங்கனை அலெக்ஸியா புத்தேயாஸுக்கு 2022 ஜூலையில் இந்த நார் அறுந்தது. உலகின் தலைசிறந்த வீராங்கனை எனப் பரிசு பெற்ற அவரே 2023 ஏப்ரல் இறுதிவரை காத்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் உலகக் கோப்பையை வென்ற அணியிலும் இடம்பெற்றார்.

தோழியரே, குறைந்தது ஒன்பது மாதங்கள் பொறுத்து, இரு கால்களின் வலிமையும் ஏறக்குறைய சமமான பின்னரே விளையாடச் செல்ல வேண்டும். பெற்றோரும் போட்டித் தேதியைப் பார்த்து அவசரப்படுத்தலாகாது. காயம் வருமுன் காப்பது இன்னும் நன்று: ஆட்டத்திற்கு முன் உடலைப் பதப்படுத்துவோம், தாவி இறங்கும்போது முழங்காலை மடக்கி இறங்கப் பழகுவோம்.