7.2: ஓர் எண்ணும் ஒரு லேபிளும்

மாணவர்களே, பூஞ்சுத் தாளை நனைத்து, காடியா காரமா என்று பார்த்தது நினைவிருக்கிறதா? தேர்வு முடிந்ததும் பலரும் மறந்துவிடும் பாடம் அது. அமெரிக்காவில் அதே பாடம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

2000ஆம் ஆண்டில் டவ் அக்ரோசயன்சஸ் நிறுவனம் ஸ்ட்ராங்ஆர்ம் என்ற புதிய களைக்கொல்லியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேர்க்கடலை விளையும் எல்லாப் பகுதிகளுக்கும் அதைப் பரிந்துரைப்பதாக லேபிள் சொன்னது. டெக்சஸ் விவசாயிகள் நம்பித் தெளித்தார்கள். களை சாகவில்லை, கடலைச் செடிதான் குன்றிப்போனது என்பது அவர்களுடைய புகார். அவர்களின் மண்ணில் பிஎச் மதிப்பு 7.2 அல்லது அதற்கும் மேல்.

மண்ணின் பிஎச்சுக்கு இதில் என்ன வேலை? களைக்கொல்லிகளில் பல, வலிமை குறைந்த காடிகள். காரத்தன்மையுள்ள மண்ணில் அவை ஹைட்ரஜன் அயனியை இழந்து எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. களிமண் துகளும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டதுதான். ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும் அல்லவா? மருந்து மண்ணில் ஒட்டாமல் நீரிலேயே தங்கும். வேர் அதைக் கூடுதலாக உறிஞ்சும்.

மறு ஆண்டே லேபிள் மாறியது. பிஎச் 7.2 அல்லது அதற்கு மேற்பட்ட மண்ணில் பயன்படுத்தக் கூடாது என்று டெக்சஸ் உள்ளிட்ட மூன்று மாநிலங்களுக்கு எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. போன பயிருக்கு யார் பொறுப்பு?

இங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது. அமெரிக்காவில் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி லேபிள்களை அங்கீகரிப்பது கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவாண்மை. அதற்கு மேலோ மாறாகவோ எந்த மாநிலமும் லேபிள் விதி போட முடியாது. மாநிலத்துக்கு ஒரு லேபிள் என்றால் 50 லேபிள், குழப்பம்தானே! விவசாயிகளின் வழக்கும் மறைமுகமாக வேறு லேபிள் கேட்பதுதான் என்று நிறுவனம் வாதிட்டது. கீழ் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. கூட்டரசுச் சட்டத்திலோ விவசாயி இழப்பீடு கேட்க வழியே இல்லை.

அங்கீகாரம் என்றவுடன், அரசாங்கம் எல்லாவற்றையும் சோதித்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து பலன் தருமா என்பதை அந்த முகவாண்மை பல ஆண்டுகளாகவே ஆராய்வதில்லை.

2005 ஏப்ரல் 27இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொய்யான லேபிளையும் போதுமான எச்சரிக்கை இல்லாத லேபிளையும் கூட்டரசுச் சட்டமே தடைசெய்கிறது. மாநிலச் சட்டம் அதையே கேட்டால் வழக்குத் தொடரலாம். அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் முடியாது. வகுப்பு ஆசிரியர் புதிய பள்ளி விதி போட முடியாது, ஆனால் இருக்கும் விதியை மீறியவரைக் கண்டிக்கலாம். அதுபோலத்தான்.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. கிளைபோசேட் களைக்கொல்லி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை வகைப்படுத்தியது. அமெரிக்க முகவாண்மையோ, அதற்கு வாய்ப்பில்லை என்றது. லேபிளில் எச்சரிக்கை இல்லை என்ற வழக்கை 2021இல் சான் பிரான்சிஸ்கோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது; 2024இல் பிலடெல்பியா நீதிமன்றம் அதேபோன்ற வழக்கைத் தடுத்தது. இரண்டும் மேற்கோள் காட்டியது அந்த வேர்க்கடலைத் தீர்ப்பைத்தான்.

7.2 என்பதை வயலில் ஒரே பருவத்தில் சோதித்துவிடலாம். புற்றுநோய் அப்படியல்ல, வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும்.